உதடு மரத்தது, பல் மரக்கவில்லை

தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே! பரிசு வழங்க வந்திருக்கும் பல் மருத்துவர் ஐயா அவர்களே! அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவே வீங்கிய கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டிருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, "மரத்துப்போக வைக்கும் ஊசியின் மகிமை". ஆசிரியை திருத்தித் தந்த பேச்சு என் கையில் இருக்கிறது. அதை நான் பேசப்போவதில்லை. பயமாக இல்லையா என்கிறீர்களா? பயம்தான். ஆனாலும் பேசுவேன்!

ஊசிக்கு மகிமை இல்லையா? உண்டு! நரம்பின் சுவரில் நுண்ணிய கதவுகள் உண்டு. அவை திறந்து உப்பின் துகள்கள் உள்ளே பாய்ந்தால்தான் வலி என்ற செய்தி மூளைக்கு ஓடும். மருந்து நரம்புக்குள் நுழைகிறது, உள்ளே நின்று கதவை அடைக்கிறது, செய்தியை நிறுத்துகிறது. கத்தி பட்டாலும் கலங்காமல் கிடக்கிறோம். அந்த மருந்தை வணங்குகிறேன். ஆனால் அது தோற்கவே தோற்காதா?

சென்ற வாரம் சீழ் கட்டிய பல்லோடு தங்கையை இதே டாக்டர் ஐயாவின் நாற்காலியில் உட்கார வைத்தோம். ஊசி போட்டார்கள்.

"உதடு மரத்துப்போச்சா, பாப்பா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப பல்லும் மரத்திருக்கும். வாயைத் திற."

குறடு பல்லைத் தொட்டது. அலறினாள்.

"அது வலி இல்ல, அழுத்தம்தான்."

"இல்ல டாக்டர், வலிக்குது!"

"ஊசி போட்டாச்சுல்ல, அப்புறம் என்னடி வலி? நடிக்காதே!" இது எங்கள் அம்மா.

மறுபடி குறடு வந்தது. தங்கை டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அன்று முதல் தெருவில் அவள் பெயர் "கடிவாயி". நாளை காலை மீண்டும் அதே நாற்காலி. பெரியப்பா கையைப் பிடிப்பாராம், மாமா காலைப் பிடிப்பாராம்!

அவள் நடித்தாளா? நர்சிங் படிக்கும் அத்தை மகளின் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். சீழ் பிடித்த இடத்தில் அமிலம் மிகுதி. அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்றுவிடுகிறது. மின்னேற்றம் பெற்ற மருந்தால் நரம்பின் கொழுப்புச் சுவரைத் தாண்ட முடியாது. பூட்டிய வீட்டு வாசலில் தபால்காரர் நிற்பதுபோல் வெளியிலேயே நிற்கிறது. நல்ல சதையுள்ள உதடு மரத்தது. சீழுக்குள் கிடந்த பல் மரக்கவில்லை. இரண்டையும் உள்ளபடி சொன்னாள் அந்தச் சிறுமி. உதட்டைச் சொன்னபோது நம்பினீர்களே, பல்லைச் சொன்னபோது ஏன் நம்பவில்லை? தோற்றது மருந்து! திட்டு வாங்கியது தங்கை! இது நியாயமா?

டாக்டர் ஐயா, சீழை வடித்துவிட்டுப் பிடுங்கலாம். வீக்கத்துக்கு அப்பால் நல்ல சதையில் ஊசி போடலாம். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். நாளை அவள் கையைத் தூக்கினால் குறடு நிற்கட்டும். அவளைப் பிடிக்க நான்கு கைகள் வேண்டாம், கேட்க ஒரு காது போதும்!

மணி அடிக்கிறார்கள். அடிக்கட்டும். பரிசு எனக்கு வேண்டாம்.

வலிக்கிறது என்று சொல்லி, நடிக்காதே என்று திட்டு வாங்கியவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள், ஐயா பார்க்கட்டும். தங்கச்சி, நீ முதல்ல தூக்கு. அம்மா, தையல் போட்டப்போ உன்னையும் அப்படித்தான் திட்டினாங்கன்னு சொன்னியே. நீயும் தூக்கும்மா.

வலியைச் சொன்னவர்களுக்கும், இனிமேல் காது கொடுக்கப்போகிறவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.