பெரியம்மாள் சுடவைத்த செங்கல்

எனக்குச் சூடு ஒத்துக்கொள்ளாது. விருத்தாசலத்தில், அதுவும் பீங்கான் சூளையில் வேலை பார்ப்பவனின் உடம்பில் குடியிருந்துகொண்டு இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரியுங்கள். நானே பல தடவை சிரித்திருக்கிறேன்.

நான் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்கு ஆற்றல் தருவது என்று பள்ளிக்கூடத்தில் என்னைப் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். மாணிக்கவேலின் விரைக்குள் எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. மூளைப் பக்கமிருந்து உத்தரவு வரும். வாசலில் இருக்கும் புரதம் கொலஸ்ட்ராலை உள்ளே விடும். நான் அதை வெட்டித் திருத்தி வெளியே தள்ளுவேன். மற்றவர்கள் அதை ஆண் ஹார்மோனாக ஆக்கிக்கொள்வார்கள். அது குறைந்தால் விந்தணுவும் குறையும். முதல் வெட்டு என்னுடையது. எங்கள் ஆட்கள் கை வைக்காமல் இந்த ஊரில் ஒருவனுக்கும் மீசை முளைக்காது.

2006 வாக்கில் மாணிக்கவேலுக்கு இடுப்பு வலி வந்தது. சூளையில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை அப்படி. அவன் அம்மா பெரியம்மாள் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். சூளையில் கழித்துப் போட்ட செங்கல் ஒன்றை அடுப்பில் சுடவைத்து, சாக்கில் சுற்றி, நாற்காலியில் போட்டு மகனை அதன்மேல் உட்காரவைத்தாள். அன்றிலிருந்து சாப்பாடு, டிவி எல்லாம் அந்தக் கல்லின்மேல்தான். இடுப்புக்கு இதமாக இருந்ததாம். கீழே இருந்த நாங்கள்தான் வெந்தோம்.

நீங்களே சொல்லுங்கள். பகலெல்லாம் சூளை, சாயங்காலம் செங்கல் என்றால் யார்தான் ஒழுங்காக வேலை செய்வார்கள்? நான் மெதுவாகச் செய்தேன். அப்புறம் இன்னும் மெதுவாக. உத்தரவு வந்தால் காதில் விழாததுபோல் இருந்தேன். மாணிக்கவேல் சோர்ந்துபோய் சீக்கிரமே படுக்கப் போனான். உழைத்துக் களைத்த பிள்ளை என்றார்கள்.

குழந்தை இல்லையே என்ற பேச்சு வந்தபோது எல்லாரும் அவன் மனைவி பூர்ணிமாவைத்தான் பார்த்தார்கள். ஊசி அவளுக்கு, ஸ்கேன் அவளுக்கு, விரதமும் அவளுக்கு. கடலூரில் ஒரு டாக்டரம்மா, பூர்ணிமா பேச்சுவாக்கில் செங்கல் விஷயத்தைச் சொன்னதும், முதலில் அதைத் தூக்கிப் போடு, அடுத்த தடவை புருஷனையும் கூட்டிவா என்று சொல்லியனுப்பினார். பூர்ணிமா வீட்டில் பக்குவமாகத்தான் சொன்னாள். பெரியம்மாளுக்கு முகம் மாறிவிட்டது.

“எம்புள்ளைக்கு என்னாடி கொறை? அது நான் குடுத்த ஒடம்பு” என்றாள்.

மாணிக்கவேல் டிவியைப் பார்த்தபடியே கல்லின்மேல் கொஞ்சம் நகர்ந்து வசதியாக உட்கார்ந்தான்.

அன்றைக்கே கல்லை எடுத்திருந்தால் சில மாதங்களில் நான் பழையபடி வேலைக்குத் திரும்பியிருப்பேன். எனக்கு அது தெரியும். ஆனால் அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது என் வழக்கமில்லை.

பூர்ணிமாவைத் திட்டக்குடியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் புருஷனிடம், “நான் போறேங்க. அந்தக் கல்லு மட்டும் வாணாங்க” என்றாள். அவன் தலையாட்டினான். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. சாயங்காலம் பெரியம்மாள் கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டே, நல்லூரில் வேறு பெண் பார்த்திருப்பதாக மகனிடம் சொன்னாள்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வீட்டில் தொட்டில் கட்டவிடாதது நான். பூர்ணிமாவை பஸ் ஏற்றியது நான். நல்லூர்ப் பெண்ணையும் ஏற்றிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் இனம் தகப்பன் வழியில் வருவதில்லை. பிள்ளைக்கு எங்களைக் கொடுப்பது தாய் மட்டும்தான். பெரியம்மாள் சொன்னது சரி, அவள் கொடுத்ததுதான் நான். கல்லையும் அவளேதான் கொடுத்தாள். அம்மா சுடவைத்தாள், நான் படுத்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான்.