ரெண்டு கைக்கும் ஒரு சொல்

பெல்மதுளை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கச்சியும்.

“யாருமே எழுதி வைக்காத சொல்லையா கேம்பஸ்ல படிக்கிற?” என்று அக்கா கேட்டதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஆமாக்கா. ரஷ்யா, லிதுவேனியா பக்கத்துப் பாஷைகளுக்கு ஒரு பழைய தாய்ப்பாஷை இருந்துச்சு. இப்ப உள்ள சொற்கள ஒப்பிட்டுப் பாத்து, அதுல கைக்கு ‘ரன்கா’ன்னு கண்டுபுடிச்சிருக்காங்க.”

“இதுக்கா நான் மழையில நின்னு தேயிலக் கொழுந்து பறிச்சு உன்னப் படிக்க வைக்கிறேன்?”

“பறிச்சுச் சேர்க்கிறதுக்கு உள்ள சொல்லுல இருந்துதான் அந்த ‘ரன்கா’ வந்துச்சாம்.”

அக்கா தன் கறை படிந்த விரல்களைப் பார்த்தாள். “அப்ப அவங்களும் நம்ம ஆளுங்கதான்!”

“இன்னும் கேளுக்கா. ஒரு கைக்கு ஒரு மாதிரி, ரெண்டு கைக்குன்னே தனியா வேற மாதிரி சொல்லுவாங்களாம்.”

“பின்ன? ஒத்தக் கையால பறிச்சா கங்காணி ஏசுவாருல்ல!”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கு இத கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் பேசணும்க்கா. பயமா இருக்கு.”

“என்ன பயம்? கங்காணியையும் சேர்த்துச் சொல்லு.”

சந்தியில் தங்கச்சி மட்டும் இறங்கினாள். பஸ் நகர்ந்தபோது அக்கா ஜன்னல் வழியே இரண்டு கைகளையும் வெளியே நீட்டி ஆட்டினாள்.