பத்து மாசம் காயுற வீடு

சராசரியா? அந்த போன மொதல்ல உள்ள வைங்க தம்பி! எங்க ஊர் மழையைப் பத்தி அது என்னத்தக் கண்டுச்சு? வீடு பாக்க வாரவங்க சன்னலப் பாப்பாங்க, அடுப்படியப் பாப்பாங்க... நீங்க ஒருத்தருதான் மழைக் கணக்கப் பாக்கீங்க. ஈரோட்டுக்காரங்க எல்லாருமே இப்படித்தானா?

நான் சொல்லுதேன் கேளுங்க. இந்த ஹில்டா பொறந்து வளந்தது இதே தெருவுலதான். தை, மாசி, பங்குனி... துணியக் காயப் போட்டுட்டுத் திரும்புததுக்குள்ள காஞ்சிரும். சித்திரைல ஒரு நாள் இடி இடிக்கும், உப்பளத்துக்காரங்க பதறி ஓடி உப்ப மூடுவாங்க, அது நாலு துளி போட்டுட்டுப் போயிரும். ஆனி ஆடில டிவியப் போட்டா கேரளாவுல வெள்ளம்ங்கான், குத்தாலத்துல சாரல்ங்கான். நமக்கு? காத்து! மண்ண அள்ளி வாயில போடுத காத்து. மாதா கோயில் திருவிழாவுக்கு ரெண்டு தூத்தல் விழும்; அதுக்கே மாதா செஞ்ச புதுமைன்னு எங்க ஆளுங்க சிலுவை போட்டுக்கிடுவாங்க. இந்த ஊர்ல குடை விக்கிறவன்கூட வெயிலுக்குத்தான் தம்பி விக்கான்.

என்ன செவரத் தடவுதீங்க? கறை இல்ல, டிசைன். இடுப்பு உசரம் வரைக்கும் காப்பிக் கலர், மேல வெள்ளை. இப்ப எல்லாரும் அப்படித்தான அடிக்காங்க. பிளக் பாயின்ட்டா? ஆமா, உசரத்துலதான் இருக்கு. சின்னப் பிள்ளைங்க கை வைக்கக் கூடாதுல்லா... என்னது, கல்யாணமே ஆகலியா? ஆகாமயா போயிரும்! ஸ்டூல் நான் தாரேன்.

எங்க வீட்டுக்காரரு விக்டர் கப்பல்ல போறவரு. கிறிஸ்மஸுக்கு வாராரு. "இந்தத் தடவையும் கீழ் வீட்டுக்கு ஆள் வரலன்னா இடிச்சுத் தள்ளிருவேன்"ங்காரு. நடுக் கடல்ல இருந்துக்கிட்டு சொல்லிரலாம்! கட்டுனவளுக்குத்தான தெரியும். நான் ஆள் வந்தாச்சுன்னு சொல்லிட்டேன். உங்களத்தான் சொன்னேன். நேத்து போன்ல பேசுனீங்கள்லா, அப்பவே சொல்லிட்டேன்.

ஏன் காலியா கெடக்குன்னா... எல்லாம் பின் வீட்டு வீரபாகு அண்ணாச்சி வாயி! பலசரக்குக் கடை வச்சிருக்காரு. பருப்பு வாங்க வாரவங்ககிட்டல்லாம் என் வீட்டப் பத்தித்தான் பேச்சு. அஸ்திவாரம் தோண்டும்போதே வந்து நின்னாரு. "ஹில்டாம்மா, இது ஓடை. தண்ணி கடலுக்குப் போற பாதை"ன்னாரு. நல்ல வைகாசி வெயிலு, மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. "எந்தத் தண்ணி அண்ணாச்சி? லாரித் தண்ணியா?"ன்னு கேட்டேன் பாருங்க... கொத்தனாரு சிரிச்ச சிரிப்புல அண்ணாச்சிக்கு மூஞ்சியே செத்துப் போச்சு. பின்ன என்ன தம்பி! கொடத்தத் தூக்கிக்கிட்டு நாம தெருத்தெருவா அலையுதோம், இவரு ஓடைங்காரு!

இடியா? சே, இல்ல. ஹார்பர்ல கன்டெய்னர் எறக்குதான். புரட்டாசி இன்னும் முடியலியே, அதுக்குள்ள எப்படி வரும்?

...வரும். வராதுன்னு சொல்ல மாட்டேன். நான் கோயிலுக்குப் போறவ, பொய் சொல்லப்பிடாது. ஐப்பசி, கார்த்திகைல வரும். வருசம் பூரா பெய்ய வேண்டியத ரெண்டு ராத்திரில கொட்டிட்டுப் போயிருது சனியன்! அதையும் உங்க போன் பன்னெண்டு மாசத்துக்கும் பங்கு வச்சு சராசரிங்கும். சராசரித் தண்ணி கணுக்காலக்கூட நனைக்காது தம்பி. நெசத் தண்ணிதான் கொஞ்சம்... இந்தக் காப்பிக் கலர் வரைக்கும்.

ஆனா நிக்காது! அதுக்குத்தான முன் வாசலுக்கு நேரா பின் வாசல் வச்சிருக்கேன். ரெண்டு கதவையும் தொறந்து விட்டா, அது பாட்டுக்கு இப்படி வந்து அப்படிப் போயிரும். அதுக்குப் பழகுன வழில்லா! நாம குறுக்க நிக்காம இருந்தாப் போதும். இதுக்கு முந்தி இருந்த சுஜிதா டீச்சர் நல்ல பிள்ளை, ஒரு சொல்லு சொல்லல. குக்கர் மட்டும் ஓடையோட போயிருச்சு, அதுக்குத்தான் அழுதா. போன கரண்டு திரும்பி வந்த அன்னைக்கே காலி பண்ணிட்டா.

நீங்களே சொல்லுங்க, பத்து மாசம் காஞ்சு கெடக்குத வீட்ட ரெண்டு மாசத்த வச்சுக் கொற சொல்லலாமா? தீவாளிக்கு ஊருக்குப் போறீங்கள்லா, அப்படியே இருந்துட்டு கிறிஸ்மஸுக்கு வாங்களேன். அவரு வரும்போது ஆள் இருந்தாப் போதும். ஆபீஸ்ல லீவு குடுக்க மாட்டானா... தம்பி? தாப்பா விழுதான்னு பாக்கேன்னு பின்னால போனீங்களே... தம்பீ!

மாதாவே! முன் வாசல்ல வந்த பிள்ள பின் வாசல் வழியால்லா போயிருக்கு!

கையில குடுத்த சாவிய எங்க வச்சுத் தொலைச்சான்... இந்தா, பிளக் பாயின்ட் மேல.

கெடக்கட்டும். அங்கனன்னா நனையாது.