ஐந்தாவது தண்டு

மட்டை வாங்க வருகிறவர்கள் முதலில் தங்கள் உயரத்தைச் சொல்வார்கள். அதிலும் ஒரு அங்குலம் கூட்டித்தான் சொல்வார்கள். உயரம் எனக்குத் தேவையில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால், மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை எவ்வளவு என்பதுதான் தேவை. நெட்டையான ஆளுக்குக் குட்டைக் கை இருக்கும். குட்டையான ஆளுக்கு முழங்கால் வரை கை இருக்கும். மனிதர்கள் தங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று, அளவு நாடா சொல்வது இன்னொன்று.

இருபத்திரண்டு வருடங்களாகக் கோல்ஃப் மட்டை பொருத்துகிறேன். கடைகளில் தொங்கும் மட்டை, உலகத்தில் எங்கேயுமே இல்லாத ஒரு சராசரி ஆளுக்காகச் செய்தது. அதை வாங்கி ஆடுகிறவர் பத்து வருடம் தன் கையையே திட்டிக்கொண்டிருப்பார். என்னிடம் வந்தால் வலைக்கு முன்னால் நிறுத்தி முப்பது பந்து அடிக்கச் சொல்வேன். பக்கத்தில் ஒரு கருவி வேகத்தைக் கோடாக வரைந்து காட்டும். பிறகு அவருடைய வீச்சுக்கு ஏற்ற தண்டு, அதன் நீளம், நுனியில் இருக்கும் இரும்புத் தலையின் கனம், பிடியின் தடிமன் எல்லாவற்றையும் முடிவு செய்வேன். ஒரு பல் டாக்டர் வருவார். அவர் பந்தை அடிப்பதில்லை, பிடுங்குவார். அவருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு மட்டை செய்து கொடுத்திருக்கிறேன். ஆளைத் திருத்துவது என் வேலையில்லை. அவர் எப்படியோ அதற்கேற்பச் செய்து தருவதுதான் என் வேலை.

தேநீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர். விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நீங்கள் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த தாளில், "கையில் கிடைத்த ஏதோ ஒரு மட்டையால்" என்று எழுதியிருந்தீர்கள். அது தவறு. அதைத் திருத்துவதற்காகத்தான் வந்தேன்.

இந்தக் கட்டடத்தின் பின்பக்கம் நீங்கள் வைத்திருக்கும் பெண் என் தங்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இடது காதுக்கு மேலே அடிபட்டு இறந்தவர் என் மாப்பிள்ளை. பாதி வீச்சில் நிறுத்தினேன், அதுவாகப் போய்விட்டது என்று தங்கை உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்கள் நம்பவில்லை. நிறுத்தப் பார்த்த அடியில் மண்டை ஓடு இப்படி உள்வாங்காது என்று மருத்துவர் எழுதிவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் அவர் மட்டையைப் பார்க்கவில்லை, தலையைத்தான் பார்த்தார்.

தங்கையைக் காப்பாற்ற அண்ணன் கதை கட்டுகிறான் என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். நான் அளவுகளை மட்டும் சொல்கிறேன்.

மாப்பிள்ளை என்னிடம் மட்டை வாங்கியவர்தான். நல்ல வீச்சு அவருக்கு. அவசரமில்லாமல் மேலே போகும், கீழே வரும்போது மின்னல் மாதிரி வரும். கோபம் இல்லாத கை. அது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஏனென்றால் வீட்டில் அதே கைதான். தங்கை என் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது வலது காது மடல் கிழிந்து, கம்மல் கைக்குட்டையில் இருந்தது. கதவில் மாட்டிக்கொண்டது என்றாள். இரண்டாவது முறை இடது கையில் மூன்று விரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். இழுப்பறையில் மாட்டிக்கொண்டது என்றாள். இழுப்பறையில் விரல் மாட்டினால் மேலே நசுங்கும். அவள் விரல்கள் பின்பக்கமாக வளைக்கப்பட்டிருந்தன. இதெல்லாம் எனக்குப் பார்த்தவுடனே தெரியும். எந்த விசை எந்தக் கோணத்தில் வந்தது என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு.

மூன்றாவது முறை நடுப்பகலில் வந்தாள். பெரிய பை ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். வீட்டு முன்னறைதான் என் அளவு அறை, நான் அதில் இருந்தேன். பையை வலைப் பக்கம் வைக்காதே, கருவி ஆடிவிடும் என்றேன். வாசலிலேயே வைத்துவிட்டு நின்றாள். முதுகில் என்னவோ வலித்திருக்க வேண்டும், சுவரில் சாயாமல் நின்றாள். அவளை அப்படியே வெறுங்கையோடு திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரு பழைய மட்டையை எடுத்து நீட்டினேன்.

"என்னண்ணா, இதெல்லாம் எனக்கு வருமா?"

"வரும். நீயும் ஆடக் கத்துக்கிட்டா மாப்பிள்ளைக்கும் சந்தோஷம். ஞாயித்துக்கிழமையானா உன்னையும் கூட்டிட்டுப் போவாரு."

அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. முகம் மலர்ந்தது. அவர் கூட்டிக்கொண்டு போவார் என்று அவள் இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

முப்பது பந்து அடிக்கச் சொன்னேன். ஒன்றுகூட அடிக்கவில்லை. மட்டை நன்றாக மேலே போகும், வேகமாக இறங்கும், பந்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். கருவி வரைந்த கோட்டைப் பார்த்தேன். மலை மாதிரி ஏறி, உச்சியிலிருந்து செங்குத்தாகப் பள்ளத்தில் விழுந்திருந்தது. முப்பது கோடுகளும் அப்படியே, ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரே கோடு. இருபத்திரண்டு வருடத்தில் நான் பார்த்த மிக ஒழுங்கான வீச்சு அதுதான். மறைக்க என்ன இருக்கிறது, அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

"ஏம்மா நிறுத்துற?"

"யார் மேலயாவது பட்டுடுமோன்னு."

"இங்க யாரும் இல்லையே."

"தெரியும்ணா. கை கேக்க மாட்டேங்குது."

அடி வாங்கிப் பழகிய கை அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஓங்கத் தெரிகிறது, முடிக்கத் தெரியவில்லை. ஒரு பயிற்சியாளர் என்றால் அந்தக் கையை ஆறு மாதம் திருத்தப் பார்ப்பார். நான்தான் சொன்னேனே, ஆளைத் திருத்துவது என் வேலையில்லை. கை நிற்கும் என்றால், கை நின்ற பிறகும் நிற்காத ஒரு மட்டை வேண்டும்.

இதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. விறைப்பான தண்டாக இருந்தால், கையை நிறுத்தினால் தலையும் அங்கேயே நிற்கும். தண்டு நெகிழ்வாக இருந்து, தலை கனமாகவும் இருந்தால், தலை கொஞ்சம் பின்தங்கியே வரும். அந்த நேரத்தில் கையைச் சட்டென்று நிறுத்தினால், சாட்டையின் நுனி மாதிரி தலை முன்னால் பாயும். நிறுத்த நிறுத்த வேகம் கூடும். பிரேக் போட்டால் பறக்கும் வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம் முழுக்க மத்தியானங்களில் அவளை வரவழைத்தேன். மாப்பிள்ளைக்கும் தெரியும். "மச்சான், உங்க தங்கச்சி தட்டு கழுவுனாலே ரெண்டு உடையுது, இதுல மட்டை வேறயா?" என்று போனில் சிரித்தார். நான்கு தண்டுகள் மாற்றினேன். நான்கிலும் கொஞ்சமாவது நின்றது. ஐந்தாவது, வயதானவர்களுக்குப் போடுகிற மிக நெகிழ்வான தண்டு. வழக்கத்தைவிட ஒரு அங்குலம் நீளமாக வெட்டினேன். தலைக்குப் பின்னால் ஈயப் பட்டையை நான்கு சுற்று ஒட்டினேன். சிறிய கை என்பதால் பிடியை மெல்லியதாகப் போட்டேன், மணிக்கட்டு தடையில்லாமல் திரும்பும். பசை காய்ந்ததும் அவள் கையில் கொடுத்தேன்.

ஓங்கினாள். வழக்கம்போல ஒரு சாண் முன்னால் நிறுத்தினாள். பந்து வலையில் போய் மோதியது. அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"நான் நிறுத்தினேண்ணா. அதுவா போயிடுச்சு."

இதே வாக்கியத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை உங்களிடமும் சொல்லியிருக்கிறாள். உங்கள் தாளில் பார்த்தேன்.

நான் எதைச் செய்தாலும் இரண்டாகச் செய்வேன். ஒன்று வாடிக்கையாளருக்கு, ஒன்று கடைக்கு. இந்த நீளப் பையில் இருப்பது அதன் இரட்டை. உங்கள் காவலரைக் கூப்பிடுங்கள். வாங்க தம்பி. இப்படி நின்று இடுப்பு உயரத்தில் வீசுங்கள், அந்தப் பீரோவுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிடுங்கள். பயப்படாதீர்கள், பீரோ கேஸ் போடாது.

சரி. பரவாயில்லை, சின்னப் பள்ளம்தான். இப்போது இவர் என்ன சொன்னார்? "நிறுத்திட்டேன் சார், அதுவா போயிடுச்சு" என்றார். இவர் தினமும் உடற்பயிற்சி செய்கிற ஆள். இவருக்கே இப்படி. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மட்டையைக் கொடுத்ததோடு நான் விட்டுவிடவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளையின் மட்டைகளுக்குப் புதுப் பிடி போட்டுத் தருகிறேன் என்று காரணம் சொன்னேன். நடையில், சமையலறை வாசலுக்கு எதிரே, அவர் ஷூ மாட்டுகிற சின்ன ஸ்டூல் இருக்கிறது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு அதில் உட்கார்ந்து குனிந்து நாடாவைக் கட்டுவார். குனிந்திருக்கும்போது அவர் காது தரையிலிருந்து முப்பத்தாறு அங்குலம். ஷூ அளவு பார்க்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து அளவு நாடா பிடித்தேன். சமையலறை வாசலில் ஒரு தலையணையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன், அதே முப்பத்தாறு அங்குலத்தில். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களை முதலில் இடுப்பு உயரத்தில் வீசச் சொல்வது வழக்கம்தான், யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தினமும் இருபது வீச்சு, ஆறரைக்கு முன்னால் முடித்துவிடு, பிறகு தலையணையைக் கழற்றி வை, மட்டை மட்டும் வாசலில் சாய்ந்திருக்கட்டும் என்றேன். பாதம் எங்கே இருக்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் நாடா ஒட்டிக் கொடுத்தேன். அந்த இடத்தில் நின்றால் தலையணைக்கும் எட்டும், உடம்பைக் கொஞ்சம் திருப்பினால் ஸ்டூலுக்கும் எட்டும். அந்த நாடா இன்னும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் ஆட்கள் அதன்மேல் நடந்திருப்பார்கள்.

மாப்பிள்ளை தலையணையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குத் தலையணை, நாளைக்கு நான்தான் போல, மச்சான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். தங்கைதான் அதிகம் சிரித்தாள்.

அவளிடம் நான் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவரை அடி என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மட்டையை என் காலடியில் போட்டுவிட்டுப் போயிருப்பாள். எனக்கு அவசரமும் இல்லை. அவர் ஏதாவது செய்வார், அவள் ஓங்குவாள், அவ்வளவு நிச்சயம். எல்லா மனைவிகளும் என்றாவது ஒருநாள் எதையாவது ஓங்கியிருப்பார்கள். ஓங்கிய கை நின்றுவிடுவதால்தான் குடும்பங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நாற்பத்தொரு நாள் ஆயிற்று. அன்று ஷூவில் சேறு போகவில்லை என்று அவர் அதைக் கழற்றி அவள் முகத்தில் எறிந்திருக்கிறார். அடியில் ஆணி வைத்த ஷூ. அவள் கன்னத்தில் ஐந்து புள்ளிகள் இருக்குமே, பார்த்தீர்கள் அல்லவா. எறிந்துவிட்டு மற்ற ஷூவின் நாடாவைக் கட்டக் குனிந்திருக்கிறார். அவள் பாதம் தானாக மஞ்சள் நாடாவில் போய் நின்றிருக்கும். எண்ணூறு முறை பழகிய கால். ஓங்கினாள். ஒரு சாண் முன்னால் கையை நிறுத்தினாள். அவள் கொல்லவில்லை. அவள் நிறுத்தியதுதான் கொன்றது. அப்படி நிறுத்துவாள் என்பதை முப்பது கோடுகளாகப் பார்த்து, அதற்கென்றே அளவெடுத்து அந்த மட்டையைச் செய்தவன் நான். ஆகவே மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். இரும்புத் தலையின் முகத்தில் ரத்தக் கறை நடுவில் இருந்ததா, நுனியில் இருந்ததா? நடுவில் என்றால் நீளம் சரி. நுனியில் என்றால் கால் அங்குலம் குறைத்திருக்க வேண்டும். சொல்லக் கூடாது என்றால் வேண்டாம்.

ஏன் நானே அவரை நேருக்கு நேர் கேட்கவில்லை என்றீர்கள். கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? எங்கள் வீட்டு விஷயம் மச்சான் என்றிருப்பார். என் தோள்பட்டையும் சரியில்லை. மேலும், ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் ஆடித் தர முடியாது. பொருத்தமான ஒன்றைக் கையில் கொடுக்கலாம், அவ்வளவுதான். அவளுக்காக இந்த உலகத்தில் யாரும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை. அதில் எனக்குத் திருப்திதான்.

பிறகு அந்தப் பையைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்றாவது முறை பையோடு வந்தவளை ஏன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவில்லை என்று. அன்றைக்கு என் மனைவியும் இதையேதான் கேட்டாள். "ஏங்க, அந்த ரூம்ல ஒரு கட்டிலைப் போட்டாப் போச்சு, பாவம் அவ எங்க போவா?" என்றாள். தங்கையும் வாசலில் நின்றுகொண்டு, ஒரு மூலை போதும்ணா என்றாள். இருவருக்கும் இந்தத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களுக்காவது புரியும் என்று நினைக்கிறேன். அது அளவு அறை. அங்கே வலை கட்டியிருக்கிறது. கருவியை ஒருமுறை நகர்த்திவிட்டால், மறுபடி அளவு சரியாக வருவதற்கு ஒரு வாரமாவது ஆகும்.