லாரி டியூப்புக்குள் கேமரா

அரிமளம் பஸ்ஸில் எனக்கு முன்னால் புதுக்கோட்டை ஸ்டூடியோக்காரர் ஒருவரும் அவருடைய மைத்துனரும் இருந்தார்கள். மலாயாவிலிருந்து வந்த ஒருவரிடம் கேமரா இரவல் வாங்கியிருந்தார்கள்; அந்த மலாயாக்காரர் பஸ்ஸில் இல்லை. கண்மாய்த் தண்ணீருக்குள் மூழ்கிய எல்லைக்கல்லை வழக்குக்காகப் படமெடுக்க வேண்டுமாம்.

"நம்ம பெட்டிக் கேமராவையே கொண்டுபோகச் சொன்னேனே, மாப்ளே?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"தண்ணி படாம இருக்க வாங்குன லாரி டியூப்புக்குள்ள அது நொழையலைங்க மாமா. மலாயாக்காரரு கேமரா கச்சிதமா நொழைஞ்சுச்சு. முன்னால கண்ணாடி வச்சு ஒட்டச்சொல்லி பஞ்சர் கடையில குடுத்தேன்."

"ஒட்டுனானா?"

"ஒட்டுனான். ஓட்டை இருக்கான்னு தொட்டித் தண்ணியில முக்கியும் பார்த்தான்."

"கேமராவோடயா?"

ஸ்டூடியோக்காரர் எழுந்தே விட்டார்.

"ஆமாங்க மாமா. குமிழி வந்துச்சு. ஒடனே அந்த ஓட்டையைத் தேடி அடைச்சுட்டான்."

"உள்ள போன தண்ணி?"

"அது உள்ளதாங்க இருக்கு."

ஸ்டூடியோக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"மலாயாக்காரருக்கு முந்நூறு ரூவா அழணும். பஞ்சர்காரனுக்கு?"

"எட்டணா குடுத்துட்டேங்க."