பன்னிரண்டு எலிகள் படுத்த பொன்னாடை

பொன்னாடையை யாரும் துவைப்பதில்லை, இன்ஸ்பெக்டர் சார். மேடையில் போர்த்துவார்கள், வீட்டில் மடித்து வைப்பார்கள், அடுத்த கூட்டத்தில் இன்னொருவர் தோளில் போடுவார்கள். எனக்கு வேறு கருவி தேவைப்படவில்லை.

நான் ராஜையன். தக்கலைப் பக்கம் ஒரு பார்மசி கல்லூரியில், ஆராய்ச்சிக்கான வெள்ளை எலிகளை வளர்க்கும் அனிமல் ஹவுஸுக்கு முப்பத்தொரு வருடம் பொறுப்பாளர். புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பும் நான்தான் எடுப்பேன். எலிக்கடிக் காய்ச்சல், படர்தாமரை, எலி மூத்திரம் காய்ந்து தூசியாகி மூக்கில் ஏறினால் வரும் ஒவ்வாமை எல்லாம் சொல்வேன். கொஞ்சம் கூட்டியும் சொல்வேன். ஒரே எலி மனசு வைத்தால் தக்கலை பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தும்மும் என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஓய்வுபெற்ற நாளில் முதல்வர் ஜாஸ்மி மேடம் பேசினார்: "ராஜையன் சார் முப்பத்தொரு வருஷமா பயங்காட்டினாரு. இதுவர ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வரல்ல." பாராட்டாகத்தான் சொன்னார். அரங்கமே சிரித்தது. அடுத்த மாதம் வகுப்பையும் நிறுத்திவிட்டார்கள். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினால் போதுமாம்.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு தும்மல்.

அன்று எனக்குப் போர்த்திய பொன்னாடையை எலிக்கூண்டில் விரித்தேன். பத்து வருடம் என் உதவியாளாக இருந்து என் இடத்துக்கு வந்த குமாரதாஸ்தான் கதவைத் திறந்துவிட்டான்.

"எலிக்குமா பொன்னாடை, சாரே?"

"முப்பத்தொரு வருஷம் சேந்து வேல பாத்தோமுல்லா மக்கா."

பன்னிரண்டு எலிகள் மூன்று வாரம் அதில் படுத்தன. காயவைத்து, சென்ட் அடித்து, ஆண்டுவிழாவில் ஜாஸ்மி மேடத்துக்குப் போர்த்தினேன். அவர் தும்மவில்லை. அதை இராஜாக்கமங்கலம் நூலக விழாவில் எழுத்தாளர் நாராயணபெருமாளுக்குப் போட்டார். அவர் இனயம் கடற்கரை ஊரில் மீனவர் சங்கத் தலைவர் ததேயுஸுக்குப் போட்டார். நான் பஸ் பிடித்து எல்லாக் கூட்டத்துக்கும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஓரத்தில் எலி கடித்த ஓட்டை இருந்ததால் அடையாளம் எளிது. மாவட்டத்தில் பாதிப் பேரின் கழுத்தை அது சுற்றியிருக்கும். ததேயுஸ் இருமியபோது எழுந்தே நின்றுவிட்டேன். மிக்சர் தொண்டையில் சிக்கியதாம்.

கடைசியில் மூத்த குடிமக்கள் விழாவில் அது என் தோளுக்கே வந்து சேர்ந்தது. அப்போதுதான் என் வகுப்பு எனக்கே ஞாபகம் வந்தது. இந்த ஒவ்வாமை சும்மா போகிறவர் வருகிறவருக்கு லேசில் வராது. எலிகளோடு வருடக்கணக்கில் புழங்கிய உடம்பு வேண்டும்.

குமாரதாஸுக்கு ஏற்கனவே கண் சிவக்கும். கூண்டு கழுவினால் நெஞ்சில் விசிலடிக்கும். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மேடத்துகிட்ட சொல்லிராதீங்க சாரே. வேலய விட்டு எடுத்திருவாவ. வேற வேல எனக்குத் தெரியாது." நான் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன் நான்.

பொன்னாடையை இன்னும் மூன்று வாரம் கூண்டில் போட்டு எடுத்தேன். அவனுக்கு நானே ஒரு பாராட்டு விழா ஏற்பாடு செய்தேன். நன்றாக இழுத்து, மூக்கை ஒட்டிப் போர்த்தினேன்.

கண்ணில் நீர் வழிந்தது. நெகிழ்ந்துபோய் அழுகிறான் என்று கூட்டம் கைதட்டியது. பதினோரு தும்மல் வரை எண்ணினேன். அப்புறம் தும்ம அவனுக்கு மூச்சில்லை. அவன் சரிந்ததும் நான் மைக்கை வாங்கி, அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கினேன். ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

ஆஸ்பத்திரியில் காரணம் 'மண்டபத்துத் தூசி' என்று எழுதிவிட்டார்கள். அதைத் திருத்தத்தான் நானே தேடி வந்தேன். எலி என்று போடுங்கள். மூத்திரம் என்றும் போடுங்கள்.

மூன்றாம் நாள் தொண்டையில் செருகியிருந்த சுவாசக் கருவியின் குழாயை எடுத்தார்கள். இனி அவன் கூண்டுப் பக்கமே போகக்கூடாதாம். வேலையும் போயிற்று. நான் பார்க்கப் போனபோது கரகரத்த குரலில் சொன்னான்: "நீங்க அண்ணைக்கே சொன்னதுதான் சாரே. உங்க வகுப்பு நோட்ட நான் இப்பவும் வச்சிருக்கேன்."

முப்பத்தொரு வருடத்தில் நான் சொன்னதை எழுதி வைத்துக்கொண்ட ஒரே ஆள் அவன். அவனுக்குப் போய் நான் கெடுதல் நினைப்பேனா, நீங்களே சொல்லுங்கள்.