டப்பாவில் இருந்த போன்

டூட்டிக்குப் போகும்போது கொண்டையில் ஒரு முடி தூக்கி நின்றாலும் எனக்குப் பிடிக்காது, மேடம். நர்சிங் பள்ளியில் என்னை வகுப்புத் தலைவியாக வைத்திருந்ததற்கு அந்த ஒழுங்குதான் காரணம். வார்டுக்குள் நுழையுமுன் எல்லோருடைய போனையும் வாங்கி டப்பாவில் போட்டுப் பூட்டுவது என் வேலை. சாவியும் என்னிடம்தான்.

இந்த விசாரணையில் கீர்த்தியைப் பற்றிக் கேட்டீர்கள். என் வகுப்புதான். காசிமேட்டில் மீன் விற்கிறவர் மகள். அவள் அம்மாவுக்கு எழுத வராது. எதுவானாலும் வாய்ஸ் மெசேஜ்தான். அவசரமானால் நான் கேட்டுச் சொல்வதற்காக, போனைத் திறக்கும் பேட்டர்னை அவளே போட்டுக் காட்டினாள். "ஒளிக்கறதுக்கு அதுல இன்னா கீது மகிமா, நீயே பாத்துக்கோ" என்றாள்.

'காசிமேட்டு சிஸ்டர்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். சர்க்கரைப் புண்ணை எப்படிக் கழுவுவது, மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தக்கூடாது என்று காசிமேட்டுப் பாஷையிலேயே பேசுவாள். எர்ணாவூர் வரைக்கும் சனங்கள் பார்த்தார்கள். நான் ஊசியோடு போய் நின்றால், அந்த ரீல்ஸ் பொண்ணு வரவில்லையா என்று கேட்பார்கள். சிரித்துக்கொள்வேன்.

சமூக வலைத்தளத்தில் நர்ஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வகுப்பு வைத்தார்கள். பேசுவதற்கு நான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். டியூட்டர் நர்மதா மேடம் கீர்த்தியைப் பேசச் சொல்லி எழுப்பிவிட்டார்.

"பேஷண்ட்டு மூஞ்சிய மறைச்சா மட்டும் பத்தாது. கையில குத்தின பச்சை, கட்டில் நம்பரு, ஜன்னலாண்ட தெரியற ஹார்பர் கிரேனு, அல்லாமே ஆளைக் காட்டிக் குடுத்துரும்" என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நல்ல பாடம். கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ராயபுரம் ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டுக்குக் கோவிந்தம்மா வந்தாள். புருஷன் அடித்து விலா எலும்பு முறிந்திருந்தது. கீர்த்தி வேறொரு நோயாளியை எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போன நேரம், டப்பாவைத் திறந்து அவள் போனை எடுத்தேன். நீங்கள் காட்டிய வார்டு கேமராப் பதிவில் இருப்பது நான்தான்; மறுக்கவில்லை. கோவிந்தம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். படம் எடுத்து, அதில் முகத்தின் மேல் ஒரு பூ ஸ்டிக்கரை ஒட்டினேன். முன்கையில் 'உதயா' என்று புருஷன் பேரைப் பச்சை குத்தியிருந்தாள். அதையும் ஜன்னலில் தெரிந்த கிரேனையும் அப்படியே விட்டேன். 'நம்ம அக்கா சீக்ரம் எய்ந்து வரணும்' என்று கீர்த்தி எழுதுவதுபோலவே எழுதி, அவள் பக்கத்தில் போட்டேன். கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பாஷை வந்துவிட்டது.

உதயா பார்வையாளர் நேரத்தில் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்தான். ஒழுங்காக வரிசையில் நின்றுதான் உள்ளே வந்தான். கத்தி பொட்டலத்துக்குள் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அந்தக் கட்டில் விரிப்பை மாற்றியது நான். மூலைகளைச் சுருக்கமில்லாமல் மடித்துச் செருகினேன்.

படம் டூட்டி நேரத்தில் போடப்பட்டிருக்கிறதே, போன் யாரிடம் இருந்தது என்று பிரின்சிபால் விசாரித்தார். கீர்த்தி என்னைப் பார்த்தாள்.

"நீதானடி வாங்கி வச்ச? சொல்லு மகிமா, என் படிப்பே பூடும்."

அன்று அவள் போனைக் கொடுக்கவே இல்லை என்றேன். அவளை நீக்கினார்கள். அவள் அம்மா வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நான்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன். அவள் படிப்புச் சீட்டைத் திருப்பிக் கொடுப்பதானால் கொடுங்கள், எனக்கு அவள்மேல் ஒன்றுமில்லை. நர்ஸ் என்பவள் ஊர் பார்க்கக் கூத்தடிக்கக்கூடாது என்று இனியாவது அவளுக்குப் புரிந்தால் சரி.

உதயா தேடுகிறான் என்று தெரிந்துதான் செய்தாயா என்று கேட்கிறீர்கள். தெரியும். அட்மிட் ஆன அன்றே, உடம்பைத் துடைத்துவிடும்போது கோவிந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க கீறது அவனுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவான் சிஸ்டர். யாராண்டயும் வாயத் தொறக்காத."

மாட்டேன் அக்கா என்று சத்தியம் செய்தேன். நோயாளி நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம், மேடம். கோவிந்தம்மா உயிர் போகும்வரை நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.